கயிறு ஒண்ணு... நடை ரெண்டு!

1974, ஆகஸ்ட் 7. நியூயார்க்கில் காலை ஏழு மணி தாண்டியிருக்கும். ஆபீஸுக்கு ஓடிக்கொண்டிருந்த ஜனம் மொத்தமும் திடீரென்று நடுரோட்டில் நின்று அண்ணாந்து பார்க்கிறது. உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே, சுமார் 400 மீட்டர் உயரத்தில், எறும்பு மாதிரி ஒரு மனுஷன். கையில் நீளக் கம்பு. காலுக்குக் கீழே ஒற்றைக் கம்பி. வலை கிடையாது. இடுப்பில் கயிறு கிடையாது. முக்கியமாக, பர்மிஷன் கிடையாது!

400 மீட்டர் என்றால் எவ்வளவு என்று எனக்கும் முதலில் பிடிபடவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் 50 மீட்டர் சொச்சம். அப்படி எட்டுக் கோபுரத்தை ஒன்றன் தலையில் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். தலை சுற்றுகிறதா? அந்த உச்சியில்தான் அந்த ஆள் முக்கால் மணி நேரம் இருந்தார். சும்மா கடந்து போய்விடவில்லை. எட்டு தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மண்டி போட்டார். மல்லாக்கப் படுத்தார். ரெண்டு பக்கமும் போலீஸ் நின்றுகொண்டு, 'வாய்யா கீழே' என்று கத்த, பிடித்துவிடலாம் என்கிற தூரம் வரை வந்து, சிரித்துக்கொண்டே திரும்பி நடுக் கம்பிக்குப் போய்விட்டார். செம லொள்ளு!

பேர் ஃபிலிப் பெத்தி. பிரான்ஸ்காரர். 25-வது பிறந்த நாளுக்கு அன்றைக்கு இன்னும் ஆறு நாள் பாக்கி. அவரைப் பற்றி ஜேம்ஸ் மார்ஷ் எடுத்த டாகுமென்ட்டரிதான் 'மேன் ஆன் ஒயர்'. 2008-ல் வந்தது. அடுத்த வருஷம் சிறந்த டாகுமென்ட்டரிக்கான ஆஸ்கர் வாங்கியது. மேடைக்கு வந்த பெத்தி அந்த ஆஸ்கர் சிலையைத் தலைகீழாகத் தாடையில் நிறுத்தி பேலன்ஸ் பண்ணிக் காட்டினார். அடங்காத ஆள்!

டாகுமென்ட்டரி என்றாலே நம் ஆட்களுக்குக் கொட்டாவி வரும். இது வேற. பேங்க்கைக் கொள்ளையடிக்கிற படம் மாதிரி பரபரவென்று போகும். 1968-ல் பல் வலியோடு டாக்டருக்காகக் காத்திருந்த பையன், பத்திரிகையில் இந்தக் கோபுரங்களின் படத்தைப் பார்க்கிறான். அப்போது கோபுரம் கட்டி முடியவே இல்லை. தும்முகிற மாதிரி பாவ்லா காட்டி, அந்தப் பக்கத்தை டர்ரென்று கிழித்துக்கொண்டு ஓடி வந்துவிடுகிறான். பல் வலியோடுதான்! அதற்கப்புறம் ஆறு வருஷம் அதே கிறுக்கு. நடுவில் 1971-ல் பாரிஸ் நோட்ர டாம் தேவாலயத்தின் கோபுரங்களுக்கு நடுவே, 1973-ல் சிட்னி துறைமுகப் பாலத்தில் என்று ரெண்டு ரிகர்சல்.

நியூயார்க்கில் போலி அடையாள அட்டை, கட்டட வேலைக்காரர் வேஷம், உள்ளேயே வேலை பார்த்த ஒருத்தரின் உதவி. வாட்ச்மேன் வந்துவிட்டதால் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் மணிக்கணக்கில் மூச்சு விடாமல் பதுங்கல். ராத்திரி ஒரு கோபுரத்திலிருந்து இன்னொரு கோபுரத்துக்கு வில்லில் அம்பு விட்டார்கள். அம்பின் வாலில் மீன் பிடிக்கிற நரம்பு. நரம்பில் கயிறு, அந்தக் கயிற்றில் இன்னும் தடித்த கயிறு, கடைசியில் இரும்பு வடம். அந்த வடம் கை நழுவி நடுப் பள்ளத்தில் தொங்கிவிட, அதை மேலே இழுக்கவே பாதி ராத்திரி போச்சு. சுமார் 200 கிலோ!

இவ்வளவு ஆட்டம் போட்ட கூட்டம் நடந்ததை வீடியோ எடுக்கவில்லை. வடத்தை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோய், கேமராவைப் பிடிக்கத் தெம்பில்லை. இருப்பதெல்லாம் போட்டோக்கள்தான். டைரக்டர் என்ன பண்ணினார் தெரியுமா? போட்டோக்களை ஒவ்வொன்றாக வைத்து, பின்னால் எரிக் சாத்தியின் பியானோவை ஓட விட்டுவிட்டார். அசையாத படங்கள். ஆனால் நம் உள்ளங்கால் கூசுகிறது. அந்தக் கோபுரங்கள் 2001-ல் விழுந்ததைப் பற்றிப் படத்தில் ஒரு வார்த்தை இல்லை. வேணும்னே விட்டிருக்கிறார்.

கைது பண்ணி, 'ஏன்யா இப்படிப் பண்ணினே?' என்று எல்லாரும் கேட்டதற்கு பெத்தி தந்த பதில்தான் எங்கள் ஹாஸ்டல் ரூமில் சண்டையைக் கிளப்பியது. 'ஏன் என்பதெல்லாம் கிடையாது' என்கிற அர்த்தத்தில் சொன்னார் மனுஷன்.

லேப்டாப் ஒன்று, தலைகள் ஐந்து. ஒருத்திக்குக் கண்ணெல்லாம் தண்ணி. "காரணமே இல்லாம ஒரு விஷயம் அழகா இருக்கலாம்ல?" என்கிறாள். கம்பம் பக்கத்துக்காரி ஒருத்தி சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு ஒரே போடாகப் போட்டாள்: "போங்கடி! எங்கூரு சந்தையில பத்து வயசுப் பொட்டப்புள்ள தலையில அஞ்சு சொம்ப அடுக்கிட்டு இதத்தான பண்ணுது. அதுக்கு எவன் பியானோ வாசிச்சான்?"

யாருக்கும் பதில் இல்லை. நான் உசிலம்பட்டிக்காரி. எனக்கு அந்தப் பொட்டப்புள்ளையைத் தெரியும். அதாவது, அப்படி ஒருத்தியைத் தெரியும்.

லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, தேவர் சிலைக்குக் கொஞ்சம் தள்ளி ரோட்டோரக் காலி இடத்தில் கூட்டம். எட்டிப் பார்த்தால் கழைக்கூத்து. சின்ன வயதில் அப்பத்தா இடுப்பில் உட்கார்ந்து பார்த்தது. இந்தத் தடவை முதலிலிருந்தே பார்த்தேன், அதாவது அவர்கள் கயிறு கட்டுவதிலிருந்து. டாகுமென்ட்டரியில் ஆறு வருஷப் பிளான். இங்கே அரை மணி நேர வேலை. ஆனால் விஷயம் ஒன்றுதான்.

ரெண்டு ரெண்டு மூங்கிலைப் பெருக்கல் குறி மாதிரி சாய்த்து, சேருகிற இடத்தில் இறுக்கிக் கட்டுகிறார்கள். அப்படி ரெண்டு ஜோடி. நடுவில் கயிறு. கயிற்றின் ரெண்டு நுனியும் மூங்கிலைத் தாண்டிக் கீழே இறங்கி, தரையில் அடித்த இரும்பு முளைக்குப் போகிறது. அப்பாக்காரர் முளையைச் சம்மட்டியால் அடிக்கிறார், கயிற்றைக் கையால் சுண்டுகிறார், காதைக் கொடுத்துக் கேட்கிறார், மறுபடி அடிக்கிறார். தவிலுக்கு வார் பிடிக்கிற மாதிரி! கடைசியில் கயிற்றைப் பிடித்துத் தொங்கி, தன் எடை முழுவதையும் போட்டுப் பார்த்த பிறகுதான் மகளைப் பார்த்துத் தலையசைத்தார்.

உயரம் எட்டடி இருந்தால் அதிகம். 'அட, இவ்வளவுதானா?' என்று தோன்றும். கார்ல் வாலெண்டா என்று உலகப் புகழ் பெற்ற கம்பி நடைக்காரர். வலை போடாமல் நடப்பதற்கே பேர் போன குடும்பம். 1978-ல், 73 வயதில், போர்ட்டோ ரிக்கோவில் ரெண்டு ஹோட்டல் கட்டடங்களுக்கு நடுவே நடக்கும்போது விழுந்து செத்தார். காற்று பலமாக அடித்தது உண்மை. ஆனால் கம்பியை ஆடாமல் பிடிக்க வேண்டிய பக்கக் கயிறுகளைச் சரியாகக் கட்டாததுதான் காரணம் என்று அவர் குடும்பமே சொன்னது. ஆக, நடக்கிறவர் கையில் பாதி உயிர்தான். மீதி, கயிறு கட்டியவர் கையில். பெத்திக்குக் கட்டியது சிநேகிதர்கள். இந்தப் பிள்ளைக்குக் கட்டியது அப்பா.

இன்னொரு விஷயம். பெத்தியின் இரும்பு வடத்துக்கு அந்த மாதிரிப் பக்கக் கயிறுகள் இருந்தன. இந்தப் பிள்ளையின் கயிற்றுக்கு அதெல்லாம் இல்லை. கயிறு ஊஞ்சல் மாதிரி பக்கவாட்டில் ஆடுகிறது. அவள் ஆட்டத்தைத் தாங்கிக்கொண்டு, ஆட்டத்தோடேயே நடக்கிறாள். கையில் அவளைப்போல் ரெண்டு மடங்கு நீளத்துக்கு மூங்கில். (பெத்தியுடைய கம்பு சுமார் எட்டு மீட்டர், 25 கிலோ!) கம்பு எதற்கு என்று பிசிக்ஸ் கிளாஸில் தூங்கியவர்களுக்காக: நீளமும் கனமும் உள்ள கம்பைக் குறுக்கே பிடித்தால் உடம்பு சாய்வது மெதுவாகிவிடும். மெதுவாகச் சாய்ந்தால் நிமிர்த்திக்கொள்ள நேரம் கிடைக்கும். அவ்வளவுதான் ரகசியம். இதை அந்தப் பிள்ளைக்கு யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்க மாட்டார்கள்.

முதல் நடை சாதா. ரெண்டாவது நடை செருப்புப் போட்டுக்கொண்டு. மூன்றாவது, ஒரு காலுக்கு அடியில் தட்டை வைத்துத் தேய்த்துக்கொண்டே போனாள். நான்காவது, சைக்கிள் ரிம்முக்குள் காலை விட்டு, ரிம்மைக் கயிற்றின் மேல் உருட்டிக்கொண்டே. தலையில் சொம்பு அடுக்கு. கீழே அப்பா மேளம் அடிக்க, அம்மா தட்டில் குச்சியால் தட்ட, கைக்குழந்தை ஒன்று மண்ணை அள்ளித் தின்றுகொண்டிருந்தது.

நான் மேளத்தையே கவனித்தேன். அது கூட்டத்தைக் கூப்பிட மட்டும் அடிக்கிற மேளம் இல்லை. அவள் கால் வைக்கிற வேகத்துக்கு மேளம் போகிறதா, மேளத்துக்கு அவள் கால் வைக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நடுவில் அவள் லேசாகத் தடுமாறினாள். மேளம் சட்டென்று ஒரே அடியில் நின்று, அவள் நிமிர்ந்ததும் அதே இடத்திலிருந்து தொடங்கியது. பியானோ வாசித்தது யார் என்று கேட்டாளே கம்பத்துக்காரி, அவளிடம் சொல்ல வேண்டும்.

இந்த மேளச் சத்தம் சங்க இலக்கியத்தில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? குறுந்தொகையில் ஏழாவது பாட்டு. பெரும்பதுமனார் எழுதியது. காதலனோடு ஊரை விட்டுப் போகிற பெண்ணை வழியில் பார்க்கிறவர்கள், 'ஐயோ பாவம், யாரோ இவர்கள்' என்று இரங்குகிற பாட்டு. அந்தக் காட்டில் காற்றடித்து வாகை நெற்றுகள் கலகலக்கின்றன. அது எப்படிக் கேட்கிறதாம்? வடக்கேயிருந்து வந்த ஆரியக் கூத்தர்கள் கயிற்றின் மேல் ஆடும்போது கொட்டுகிற பறை மாதிரி! கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எழுதியவரும் எங்கேயோ ஒரு தெருவில் நின்று இதே சத்தத்தைக் கேட்டிருக்கிறார். பரதநாட்டியத்துக்கு அரங்கம் இருக்கிறது, கரகாட்டத்துக்குக் கோயில் கொடை இருக்கிறது. இந்தக் கூத்து மட்டும் அன்றைக்கும் தெருவில், இன்றைக்கும் தெருவில்.

கூட்டத்தில் என் பக்கத்தில் நின்ற பெரியம்மா ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆத்தி... பச்ச மண்ண இப்படி ஏத்தி விட்டுருக்கானே படுபாவி" என்றாள். சொல்லிவிட்டு, கண்ணை எடுக்காமல் கடைசி வரை பார்த்தாள்.

எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு வேறு கனம் உண்டு. வெளியூரில் 'உசிலம்பட்டி' என்று சொன்னால் இன்றைக்கும் எதிராளி முகத்தில் ஒரு செகண்ட் ஏதோ வந்து போகும். 1986-ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை எங்கள் பக்கத்துப் பெண் சிசுக்கொலையைப் பற்றி எழுதியது. அதற்கப்புறம் வரிசையாகக் கேமராக்கள் வந்தன. 1994-ல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தது. கள்ளிப்பால் என்றால் எங்கள் ஊர் என்று ஆகிப்போனது. நடந்தது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். என் அப்பத்தாவிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். அந்த மௌனமே எனக்குப் போதும். ஆனால் எந்தக் கேமராவும் பிழைத்துக் கிடந்த பெண் பிள்ளைகளைத் தேடி வரவில்லை. அதனாலோ என்னவோ, எட்டடி உயரத்தில் ஒரு பெண் பிள்ளை நிற்க, கீழே நின்று ஊரே 'ஐயோ' என்று சொல்லிக்கொண்டே பார்க்கிற காட்சியில் எனக்கு என்னமோ செய்தது.

ஆட்டம் முடிந்ததும் அவளே இறங்கி வந்து தட்டை ஏந்தினாள். மேலே இருந்தவரை நிமிர்ந்து இருந்த கழுத்து, கீழே வந்ததும் குனிந்துகொண்டது. பத்து ரூபாய்கள் விழுந்தன. பலர் நைசாக நழுவினார்கள். மேளத்தின் பக்கவாட்டில் க்யூ.ஆர். கோடு ஒட்டியிருந்தது, 'சில்லறை இல்ல' என்கிற சாக்கு இனி செல்லாது மக்களே!

ஒரு போலீஸ்காரர் வந்து, "டிராஃபிக் ஆகுது, எடு எடு" என்று கைத்தடியால் மூங்கிலைத் தட்டினார். அப்பாக்காரர் கும்பிட்டார். நியூயார்க்கில் பெத்தி மேல் போட்ட வழக்கை, சென்ட்ரல் பார்க்கில் குழந்தைகளுக்கு இலவசமாக ஒரு ஷோ நடத்தினால் போதும் என்று தள்ளுபடி பண்ணினார்கள். இது எனக்கு அங்கேயே ஞாபகம் வந்து தொலைத்தது.

மூங்கிலை அவிழ்க்கும்போது போய்ப் பேச்சுக் கொடுத்தேன். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ். எட்கர் தர்ஸ்டன் என்கிற வெள்ளைக்காரர் 1909-ல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு வால்யூம் எழுதினார். அதில் 'தொம்மரா' என்ற தலைப்பில் வருகிற கழைக்கூத்தர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். எங்கள் பக்கத்தில் 'தொம்பக் கூத்தாடி' என்பார்கள். அதைத் திட்டுகிற வார்த்தையாகவும் வைத்திருக்கிறோம். எங்களைப் பற்றி அடுத்தவர்கள் வைத்திருந்த வார்த்தை எங்களுக்கே தெரியும். வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் போட்டு, எங்கள் ஆட்களைக் கைரேகை வைக்கச் சொன்னான். அதை எதிர்த்து 1920, ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் 16 பேர் குண்டடிபட்டுச் செத்தார்கள். ஊர் ஊராய் அலைகிற ஜனம் என்றாலே களவாணி என்று எழுதிவைத்ததும் அதே புத்திதான். 1952-ல் நாடு முழுக்க அந்தச் சட்டம் ஒழிந்தது. எங்களுக்கு ஊர் இருந்தது, அதனால் ஊருக்குள் கள்ளர் பள்ளிக்கூடங்கள் வந்தன. ஊர் மாறிக்கொண்டே இருக்கிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் எந்த வாசலுக்கு வரும்?

"புள்ளய படிக்க வைக்கலையாண்ணே?" என்று கேட்டேன்.

"சேத்தம்மா. ரெண்டு ஊர்ல சேத்தோம். நாங்க போறப்ப அதுவும் வந்துரும். பெரியவனை ஆஸ்டல்ல விட்டுட்டோம், அவன் கயிறு ஏற மாட்டான். ஏறுன்னா வெக்கப்படுறான்" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமையா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. ரெண்டும்தான் போல.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஹாஸ்டலுக்கு வந்த பிறகு தேடிப் படித்தேன். 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. சர்க்கஸில் குழந்தைகளைச் சேர்க்கக் கூடாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2016-ல் சட்டத்தைத் திருத்தியபோது, படிப்பு கெடாமல் சினிமாவில், டி.வி.யில், விளம்பரத்தில் குழந்தைகள் நடிக்கலாம். சர்க்கஸ் மட்டும் ஆகாது என்று வைத்தார்கள். ராத்திரி பதினொரு மணி வரை லைட் வெளிச்சத்தில் ஆடி, ஜட்ஜ் திட்டியதும் தேம்பி அழுகிற ரியாலிட்டி ஷோ குழந்தைக்குப் பேர் 'திறமை'. தெருவில் கயிறு ஏறுகிற குழந்தைக்குப் பேர் 'பரிதாபம்'. இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை கயிற்றிலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடம் போக வேண்டும், இதில் எனக்கு ரெண்டாவது எண்ணமே இல்லை. எட்டடியிலிருந்து விழுந்தாலும் கழுத்து ஒடியும். ஆனால் இந்த வித்தையைப் பத்து வயதுக்குள் உடம்பில் ஏற்றாவிட்டால் அப்புறம் ஏறுவது கஷ்டம் என்கிறார் அவள் அப்பா. அவள் இறங்கினால், குறுந்தொகைக்காரர் கேட்ட மேளம் அவள் வீட்டோடு நிற்கும். பெரியவன் வீட்டில் ஏற்கெனவே நின்றாயிற்று. ரெண்டும் வேண்டும் என்று கேட்க எனக்கு ஆசை. எப்படி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கிராமியக் கலைகளுக்கு விழா நடத்துகிறவர்கள் வளர்ந்த ஆட்களுக்கு ஒரு மேடையும், கீழே ஒரு வலையும், மாசச் சம்பளமும் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று மட்டும் தோன்றுகிறது. மெத்தை போட்டுக் கற்றுக் கொடுத்தால் ஜிம்னாஸ்டிக்ஸ் என்கிறோம். அதே மெத்தையைக் கயிற்றுக்குக் கீழேயும் போடலாமே?

பெத்திக்குக் 'காரணம்' கிடையாது. இவளுக்குக் காரணம் இருக்கிறது, அது வயிறு. அன்றைக்கு ஹாஸ்டலில் எல்லாரும் இப்படித்தான் முடித்தோம். ஆனால் நான் பார்த்தது ஒன்று பாக்கி இருக்கிறது. நான்காவது நடை முடிந்து, மேளம் நின்று, அப்பா வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் இறங்க வேண்டியதுதான். இறங்கவில்லை. நடுக் கயிற்றுக்குத் திரும்பிப் போய், முழங்காலை மடக்கி, கயிற்றைப் பக்கவாட்டில் ஊஞ்சலாக ஆட்டினாள். யாரும் கேட்கவில்லை. காசுக்கான ஐட்டம் இல்லை, மேளமும் இல்லை. வாயை மூடிக்கொண்டு தனக்குத்தானே சிரித்தாள். அப்பா தெலுங்கில் ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் இறங்கினாள்.

"மேல பயமா இல்லையா?" என்று அவளிடம் கேட்டேன்.

"மேல இருக்கயில யாரும் வேல ஏவ மாட்டாகக்கா" என்றாள். சொல்லிவிட்டு, தம்பி வாயிலிருந்து மண்ணை நோண்டி எடுத்தாள்.

செல்போனில் பெத்தியின் போட்டோவைத் தேடிக் காட்டினேன். ரெண்டு விரலால் பெரிசு பண்ணிப் பார்த்தாள். ஆளைப் பார்க்கவில்லை. கம்பி கட்டடத்தில் போய்ச் சேருகிற இடத்தைத்தான் பார்த்தாள்.

"முளை எங்க அடிச்சாக?"

மொட்டை மாடியில் இரும்பில் கட்டினார்கள் என்றேன்.

"மேளம் ஆரு?"

"மேளம் இல்ல."

"மேளம் இல்லாமயா!" அப்போதுதான் முதல் தடவையாக அந்த ஆளின் முகத்தைப் பார்த்தாள். "இப்பம் அங்கன போனா பாக்கலாமாக்கா?"

கட்டடம் ரெண்டும் இப்போது இல்லை, 2001-ல் இடித்துத் தள்ளிவிட்டார்கள் என்றேன். ஏரோப்ளேன் கதையெல்லாம் அங்கே நின்று சொல்கிற கதையா?

"அவரு?"

அவர் இருக்கிறார். அந்த நடைக்கு 50 வருஷம் ஆனதென்று 2024 ஆகஸ்ட்டில், நியூயார்க்கில் ஒரு தேவாலயத்துக்குள் கம்பி கட்டி, 75-ஐத் தொடப் போகிற வயதில் மறுபடி நடந்தார். அதைச் சொன்னேன்.

"எங்க தாத்தாவும் நடந்தாரு" என்றாள், அதிலென்ன அதிசயம் என்கிற மாதிரி.

அம்மா கூப்பிட்டுவிட்டாள். மூங்கில்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழுமலை பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். மறுநாள் அங்கே ஆட்டமாம். மூங்கில் பஸ்ஸுக்குள் நுழையாது, மேலே போட வேண்டும். கண்டக்டர் முதலில் முடியாது என்றார், அப்புறம் சரி என்றார். ஏணி வழியாக பஸ் கூரைக்கு ஏறி மூங்கிலை வாங்கி அடுக்கியது அவள்தான்.